மாடிப்படியும் இருமல் சத்தமும்: கே. பாலசந்தர் மேடையிலிருந்து திரைக்குக் கொண்டுபோனவை

குன்னூரில் நண்பர்கள் சிலருடன் நாடகக் குழு நடத்திவரும் தம்பி ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். அவருடைய குழு இயக்குநர் கே. பாலசந்தர் எழுதிய ‘எதிர்நீச்சல்’ நாடகத்தை மேடையேற்ற எண்ணியிருக்கிறது. பாலசந்தரின் படங்கள் எல்லாமே படம்பிடிக்கப்பட்ட நாடகங்கள்தாம், அவற்றில் இன்றைய மேடைக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று குழுவிலேயே ஒருவர் மறுத்திருக்கிறார். அது சரிதானா என்பது முதல் கேள்வி. மேடை இயக்குநர், திரை இயக்குநர், தயாரிப்பாளர் என்ற மூன்று நிலைகளிலும் பாலசந்தர் ஒரே ஆளாகத்தான் இருந்தாரா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் விடை புறப்படுகிறது என்று நான் நினைப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாலசந்தர் மேடையை விட்டுவிட்டுத் திரைக்கு வந்தவர் இல்லை. மேடையையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தவர். ஆனால் அதை அப்படியே கேமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. மேடையின் ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் திரையில் வேறொன்றாக மாற்ற அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்தார். அந்த உழைப்பின் தடம் அவருடைய படங்களில் வரிசையாகத் தெரிகிறது.

இதை நான் புத்தக அறிவாக மட்டும் சொல்லவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், அருவங்காட்டிலும் குன்னூரிலும் வேலைபார்த்த நண்பர்களும் என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள் சிலருமாகச் சேர்ந்து, நீங்கள் இப்போது எடுத்திருக்கும் அதே ‘எதிர்நீச்சல்’ நாடகத்தை நடித்தோம். எனக்குக் கிடைத்த வேடம் இருமல் தாத்தா. அந்தப் பாத்திரம் மேடைக்கு வருவதே இல்லை. பக்கத் திரைக்குப் பின்னால் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்று, குறிப்பிட்ட இடங்களில் இருமுவதுதான் என் முழுப் பங்கும். முகம் காட்டாத அந்த வேடத்திலிருந்து நாடகத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது, பிற்பாடு முகம் காட்டி நடித்த வேடங்களில் கற்றதைவிட அதிகம். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பகுதியின் நன்னிலத்தில் 1930 ஜூலை 9 அன்று பிறந்தவர் பாலசந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு சென்னைக்கு வந்து, சென்னைவாசிகள் ஏ.ஜி. ஆபீஸ் என்று சொல்லும் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய நாடகங்கள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு இந்த வேலையே பெரிய காரணம். அவருக்கு முந்தைய தலைமுறையின் மேடைக் கலைஞர்கள் பெரும்பாலும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். சிறுவயதிலேயே கம்பெனியில் சேர்ந்து, பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்து, ஊர் ஊராக முகாமிட்டு, புராணத்தையும் வரலாற்றையும் பெரிய செட்டுகளோடும் தந்திரக் காட்சிகளோடும் நடித்தவர்கள். ஐம்பதுகளில் சென்னையில் பெருகிய அமெச்சூர் நாடகம் வேறு வகையைச் சேர்ந்தது. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, ஏதாவது ஓர் அறையில் ஒத்திகை பார்த்து, விடுமுறை நாளில் சபாவில் நடிப்பவர்கள் அதை நடத்தினார்கள். அவர்களிடம் பெரிய செட்டுக்குப் பணமில்லை. சங்கீதப் பயிற்சி பெற்ற நடிகர்களும் இல்லை. ஒரு வரவேற்பறை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, மூன்று கதவு ஆகியவற்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்வையாளரைக் கட்டிப்போட வேண்டும் என்றால், சிக்கலான சூழ்நிலையும் கூர்மையான பேச்சும் சரியான நேரத்தில் நடக்கும் நுழைவும்தான் கைகொடுக்க முடியும். பாலசந்தரின் எழுத்து இந்தத் தேவையிலிருந்து உருவானது.

அவர் நாடகங்களில் நடித்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தாம். நாகேஷ் ரயில்வேயில் வேலைபார்த்தவர். ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற குழுவின் வழியே பாலசந்தர் மேடையேற்றிய ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘மெழுகுவர்த்தி’, ‘நாணல்’, ‘எதிர்நீச்சல்’, ‘நவக்கிரகம்’ முதலிய நாடகங்களின் மனிதர்கள், அரங்கில் உட்கார்ந்திருந்த மனிதர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். மாதச் சம்பளம், வாடகை வீடு, திருமணமாகாத தங்கை, கடன் கேட்டு வரும் உறவினர் என்ற உலகம் அது.

‘மேஜர் சந்திரகாந்த்’ முதலில் அலுவலக நிகழ்ச்சிக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சிறு நாடகமாக இருந்து, பிறகு தமிழில் விரிந்தது. பார்வையற்ற, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், அடைக்கலம் தேடி வரும் கொலைகாரனுக்குத் தம் வீட்டில் இடம் கொடுக்கிறார். கொலை செய்யப்பட்டவன் யார் என்பது அவருக்குத் தெரியாது. மேடையில் நடப்பதையெல்லாம் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் பார்க்கிறார்கள், அந்த வீட்டின் தலைவர் மட்டும் பார்க்கவில்லை. நாடகத்தின் முழு விசையும் இந்த ஓர் ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவத்தினரை நாள்தோறும் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த மேஜரின் நிமிர்ந்த நடையும் நேரந்தவறாமையும் கூடுதலாகவே புரியும். அந்த வேடத்தில் நடித்த சுந்தரராஜனுக்கு ‘மேஜர்’ என்பது வாழ்நாள் முழுவதும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இந்தியில் 1965-இல் ‘ஊஞ்சே லோக்’ என்ற படமாகவும், 1966-இல் பாலசந்தரின் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த தமிழ்ப் படமாகவும் அது வெளிவந்தது. அதில் வரும் ரஜினிகாந்த் என்ற பாத்திரப் பெயரைத்தான் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு சிவாஜி ராவ் என்ற இளைஞருக்கு அவர் சூட்டினார்.

திரைக்கு அவர் வந்த வழி எழுத்து. 1964-இல் பி. மாதவன் இயக்கிய ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். அதே ஆண்டில், நாகேஷுக்காகவே எழுதிய ‘சர்வர் சுந்தரம்’ கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். படமானது. அடுத்த ஆண்டு ‘நீர்க்குமிழி’யின் மூலம் இயக்குநரானார்.

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டைச் சோதித்துப் பார்க்க ‘நீர்க்குமிழி’யே சரியான படம். கதை ஏறத்தாழ முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள் நடக்கிறது. நாயகனாக நாகேஷ், மருத்துவராக சௌகார் ஜானகி. நாடக மேடையிலிருந்து பாலசந்தரோடு வந்த வி. குமாருக்கு இசையமைப்பாளராக அதுவே முதல் படம். ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ என்ற சுரதாவின் பாடல் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒலிப்பது இதில்தான். காதல் காட்சிக்கு வெளிப்புறப் படப்பிடிப்பு இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் அன்று எடுக்கப்பட்டதே பெரிய துணிச்சல். ஆனால் துணிச்சல் வேறு, திரைமொழி வேறு. அந்தப் படத்தில் கேமரா பல இடங்களில் சபாவின் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரசிகரைப் போலவே நடந்துகொள்கிறது. பாத்திரங்கள் அரை வட்டமாக நிற்கிறார்கள்; ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேசுகிறார்; கைதட்டலுக்கு இடம் விடுவது போன்ற சிறு இடைவெளிகள்கூட உண்டு. இதையெல்லாம் நான் மறுக்க மாட்டேன்.

மறுக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஒரே இடத்துக்குள் கதையை அடைத்ததால் அந்தப் படம் தோற்றது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த அடைப்பே அதன் பலம். நோயாளி எங்கும் போக முடியாது. படமும் எங்கும் போகவில்லை. வெளியுலகம் கண்ணுக்குத் தெரியாததால்தான் அவனுடைய சிரிப்புக்கு அவ்வளவு கனம் வருகிறது. மேடையில் வசதியின்மையால் நேர்ந்த ஒன்றை, திரையில் பொருளுள்ள தேர்வாக அவர் மாற்றிய முதல் இடம் இது.

இரண்டாவது இடம் 1968-இல் வந்த ‘எதிர்நீச்சல்’ படம். பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் ஒரு வீடு. அங்கே யாருக்கும் உறவில்லாத, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கும் இளைஞன் மாது, மாடிப்படிக்கு அடியில் வாழ்கிறான். ‘மாடிப்படி மாது’ என்ற பெயரிலேயே அவனுடைய முகவரி இருக்கிறது. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவன் தலைக்கு மேல் மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு நாடக ஆசிரியன் சமூகத்தில் ஒருவனுடைய நிலையைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான செட்டை அமைக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு படிக்கட்டு, அதன் அடியில் ஒரு பாய். பட்டு மாமியும் கிட்டு மாமாவும் மலையாளி நாயரும் அந்தப் படிக்கட்டைச் சுற்றித்தான் உயிர்பெறுகிறார்கள்.

அந்த வீட்டில் ஓர் அறைக்குள்ளிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டே இருக்கும். தாத்தாவை யாரும் பார்ப்பதில்லை. மேடையில் இதற்கு ஒரு நடைமுறை நன்மை உண்டு: கூடுதல் நடிகர் வேண்டாம், ஒப்பனை வேண்டாம், வீட்டில் இன்னும் ஓர் ஆள் வாழ்வதாகக் காட்டிவிடலாம். ஆனால் திரையில் கேமராவால் எந்தக் கதவையும் திறந்து உள்ளே போக முடியும். போக முடிந்த இடத்துக்குப் போகாமல் நிற்பது ஓர் இயக்குநரின் முடிவு. தாத்தாவைக் காட்டாமலேயே படத்தை முடித்ததில், காட்சி ஊடகத்தில் காதுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

நாங்கள் நடித்த அன்றைய இரவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம். மண்டபத்துக்குத் தகரக் கூரை. இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை எப்படிப் பெய்யும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. மாதுவாக நடித்த நண்பர் வசனத்தைக் கத்திப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று தெரிந்ததும் பேசாமல் படிக்கட்டின் கீழ் போய் உட்கார்ந்துவிட்டார். மழை ஓயும்வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கில் ஒருவரும் எழுந்து போகவில்லை. மழை சற்றே தணிந்தபோது, வேறு எதுவும் தோன்றாமல் நான் பின்னாலிருந்து ஒருமுறை இருமினேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. நாடகம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாலசந்தரின் நாடகத்தைத் தாங்கி நிற்பவை வசனங்கள் என்றுதான் அதுவரை நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். வசனம் முழுவதும் அடித்துச் செல்லப்பட்ட பிறகும் ஒரு படிக்கட்டும் ஓர் இருமலும் அதைத் தாங்கிப் பிடித்ததை அன்றைக்குக் கண்ணால் கண்டோம்.

இதற்கு முன்னும் பின்னும் வந்த சில படங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1967-இன் ‘பாமா விஜயம்’ கூட்டுக் குடும்ப நகைச்சுவை. 1969-இன் ‘இரு கோடுகள்’ ஜோசப் ஆனந்தனின் நாடகத்திலிருந்து உருவாகி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஒரு கோட்டைத் தொடாமலேயே சிறியதாக்க அதன் பக்கத்தில் பெரிய கோடு ஒன்றை வரைவது என்ற ஒரே உருவகத்தின் மேல் அந்தப் படம் நிற்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன், தான் பிரிந்துவந்த முதல் மனைவியே அந்த அலுவலகத்துக்குக் கலெக்டராக வந்து நிற்பதைப் பார்க்கிறான். கோப்புகளையும் மேலதிகாரியின் அறைக் கதவையும் நன்கறிந்த ஏ.ஜி. ஆபீஸ் எழுத்தரின் கை அதில் தெரிகிறது.

எழுபதுகளில் அவருடைய முகம் மாறியது. 1973-இன் ‘அரங்கேற்றம்’, 1974-இன் ‘அவள் ஒரு தொடர்கதை’, 1975-இன் ‘அபூர்வ ராகங்கள்’, 1977-இன் ‘அவர்கள்’ ஆகியவை சபா நாடகங்களின் திரைவடிவங்கள் அல்ல. ஆனாலும் மேடை அவற்றில் வேறு உருவில் தொடர்ந்தது. இந்தப் படங்களில் எத்தனை பேர் மேடையில் ஏறிப் பிழைப்பவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ‘அவள் ஒரு தொடர்கதை’யில் கமல்ஹாசன் பலகுரல் கலைஞர். ‘அபூர்வ ராகங்க’ளில் ஸ்ரீவித்யா பாடகி. ‘அவர்க’ளில் கமல்ஹாசன் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர், தன் வாயால் சொல்லத் துணியாத காதலை, மடியில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் என்ற பொம்மையின் வாயால் சொல்கிறார். மனசாட்சியைப் பேசவைக்க மேடையில் தனிமொழி என்ற உத்தி இருக்கிறது. திரையில் ஒருவர் தனக்குத்தானே உரக்கப் பேசினால் அது பொருந்தாமல் போகும். அந்தத் தனிமொழியை ஒரு மரப்பொம்மையிடம் ஒப்படைத்ததைத்தான் நான் மாற்றுதல் என்று சொல்கிறேன்.

‘அபூர்வ ராகங்க’ளில் இன்னொரு மாற்றுதல் உண்டு. விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்கும் உறவுமுறைப் புதிரை எடுத்து நவீனக் குடும்பத்துக்குள் வைத்த கதை அது. பி.எஸ். லோகநாத்தின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் பாடகி பைரவியின் பிரிந்துபோன கணவன், படத்தின் பிற்பகுதியில், இரும்புக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வருகிறான். அதுதான் ரஜினிகாந்தின் முதல் திரைத்தோற்றம். நாடகம் எழுதிப் பழகியவருக்கு நுழைவு என்றால் என்ன என்பது தெரியும். யார் வருகிறார் என்பதைவிட எப்போது வருகிறார், எந்தக் கதவின் வழியே வருகிறார், அவர் வந்தவுடன் உள்ளே இருப்பவர்களின் கணக்கு எப்படிக் கலைகிறது என்பவைதான் முக்கியம். அந்தக் கதவு திறப்பு இத்தனை ஆண்டுகளாகப் பேசப்படுவதற்கு ரஜினியின் பிற்காலப் புகழ் ஒரு காரணம். சபா மேடையில் பதினைந்து ஆண்டுகள் பழகிய நுழைவின் கணக்கு இன்னொரு காரணம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய பாத்திரங்கள் சில நேரங்களில் தேவைக்கு மேல் அழகாகப் பேசுகிறார்கள். பார்வையாளர் தாமே புரிந்துகொள்ளக்கூடிய உருவகத்தை, ஒரு பொருளையோ ஒலியையோ மறுபடி மறுபடி காட்டி அடிக்கோடிடுவதும் உண்டு. கடைசி வரிசை ரசிகரையும் எட்ட வேண்டும் என்ற மேடைப் பழக்கத்தின் மிச்சம் அது. அந்தப் பழக்கம் அவரைவிட்டு முழுவதுமாகப் போகவே இல்லை.

ஆனால் 1981-இன் ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. கோமல் சுவாமிநாதன் எழுதி, அவருடைய ஸ்டேஜ் பிரெண்ட்ஸ் குழு மேடையேற்றிய நாடகம் அதன் மூலம். தென்மாவட்டத்து வறண்ட கிராமமான அத்திப்பட்டியில் குடிதண்ணீர் இல்லை. தப்பியோடி வந்த வெள்ளைச்சாமி என்பவன் மாட்டுவண்டி கட்டித் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். செவந்தி அவனுக்கு ஆதரவாக நிற்கிறாள். அவளுடைய கணவனோ போலீஸ்காரன். ஊர்மக்களே கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவர முனையும்போது அரசு இயந்திரம் குறுக்கே வருகிறது. இன்னொருவருடைய நாடகம் என்பதால், பாலசந்தர் இதில் எதையும் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் இல்லை. தம் நாடகத்தைப் படமாக்கும்போது ஒவ்வொரு வசனத்தின் மேலும் ஆசிரியருக்குப் பாசம் இருக்கும். இங்கே அந்தத் தளை இல்லை.

மேடையில் வறட்சியைக் காட்ட முடியாது, பேசத்தான் முடியும். சபாவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தாகத்தைச் சொற்களின் வழியே நம்ப வேண்டும். கோமலின் நாடகம் அதைச் சாதித்தது. திரையில் பாலசந்தர் அந்தச் சொற்களின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிலத்தை வைத்தார். வெடித்த தரை, வெறுங்குடம், வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்கள், சரிதாவின் கண்கள். லோகநாத்தின் கேமரா முன்வரிசை நாற்காலியை விட்டு எழுந்து ஊருக்குள் நடந்தது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. நாடகத்தையும் படத்தையும் ஒருசேர அறிந்தவர்கள் எது சிறந்தது என்று வாதிடுவார்கள். என் கருத்து, நாடகத்தில் அரசியல் கூர்மை அதிகம், படத்தில் தாகம் அதிகம் என்பது. மழைக்குக் குறைவில்லாத மலையில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு விசித்திரமான அனுபவம் என்று சிலர் சொல்வார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரேலியா அணை வற்றி, குன்னூரின் தெருக்குழாய்களில் குடங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1985-இன் ‘சிந்து பைரவி’ இந்தப் பயணத்தின் இன்னொரு முனை. கர்நாடக சங்கீத வித்வானுடைய கச்சேரி மேடையும் அவருடைய வீட்டுக் கூடமும் மாறி மாறி வரும் படம். சுஹாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. அரங்கில் எழுந்து நின்று வித்வானைக் கேள்வி கேட்கும் பெண் அதில் வருகிறாள். பார்வையாளர் பகுதியிலிருந்து எழும் குரல் மேடையை அசைப்பது என்பது நாடகக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய தொடக்கம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1981-இல் ‘நெற்றிக்கண்’ படத்தோடு அவருடைய தயாரிப்பு நிறுவனமான கவிதாலயா தொடங்கியது. அந்தப் படத்தை இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன். தம் நிறுவனத்தின் முதல் படத்தையே இன்னொருவரிடம் கொடுத்ததைக் கவனியுங்கள். ‘புதுக்கவிதை’, ‘ஸ்ரீ ராகவேந்திரர்’, ‘வேலைக்காரன்’, ‘அண்ணாமலை’, ‘முத்து’, ‘சாமி’ என்று அந்த நிறுவனம் எடுத்த வெற்றிப் படங்களில் பலவற்றுக்கும், இயக்குநர் பாலசந்தரின் படங்களுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. தம் ரசனைக்கு உட்பட்டதை மட்டுமே தயாரிப்பது என்ற பிடிவாதம் அவரிடம் இல்லை. அவர் இயக்கிய ‘அச்சமில்லை அச்சமில்லை’ போன்ற படமும் அதே கூரையின் கீழ்தான் உருவானது. இதை இரட்டை நிலை என்று நான் நினைக்கவில்லை. நாடகக் குழு நடத்தியவருக்கு, தான் எழுதாத நாடகத்துக்கும் செட்டு போட்டுக் கொடுத்து, விளக்கு பார்த்து, நடிகருக்குத் தேநீர் வந்ததா என்று விசாரிப்பது இயல்பான வேலை. அமெச்சூர் குழுவில் ஒருவர் இன்று எழுதுவார், நாளை அவரே இன்னொருவர் நாடகத்துக்கு டிக்கெட் கிழிப்பார். கவிதாலயா அந்தப் பழக்கத்தின் பெரிய வடிவம் என்பது என் கணிப்பு. சுரேஷ் கிருஷ்ணா, வசந்த், சரண் என அவரிடம் உதவி இயக்குநர்களாக இருந்து வளர்ந்தவர்களின் வரிசையும் ஒரு நாடகக் குழுவின் வரிசையைப் போலவே நீள்கிறது.

தயாரிப்பாளர் பாலசந்தருக்கும் நம் மலைக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. 1992-இல் மணிரத்னம் இயக்கத்தில் கவிதாலயா எடுத்த ‘ரோஜா’ காஷ்மீரில் நடக்கும் கதை. அன்றைய நிலையில் அங்கே படப்பிடிப்பு நடத்துவது ஆபத்தானது. எனவே குன்னூர், ஊட்டி, மணாலி ஆகிய இடங்களில் படமாக்கினார்கள். ஏ.ஆர். ரஹ்மான் என்ற இளைஞருக்கு அதுவே முதல் படம். புதிய இசையமைப்பாளரை நம்பிப் பணம் போடுவது, வி. குமாரை மேடையிலிருந்து திரைக்கு அழைத்துவந்தவருக்குப் புதிய செயல் இல்லை. ரஹ்மானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதும் படத்துக்குக் கிடைத்தது. நாம் காய்கறி வாங்கப் போகும் வழியில் உள்ள சரிவுகள் திரையில் காஷ்மீராக நின்றன. நாடெங்கும் பார்த்தவர்கள் நம்பினார்கள். தீட்டிய படுதாவைக் காட்டி இது அரண்மனை என்றால் ஒப்புக்கொள்ளும் நாடக ரசிகரின் நம்பிக்கைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

பிற்காலத்தில் ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ போன்ற தொடர்களின் வழியே தொலைக்காட்சிக்குப் போனபோது அவர் மீண்டும் தம் பழைய வீட்டுக்குள் வந்தது போல இருந்தது. ஒரு கூடம், சில கதவுகள், வாரத்துக்கு ஒருமுறை வந்து உட்காரும் அதே பார்வையாளர்கள். 2001-இல் நூறாவது படமான ‘பார்த்தாலே பரவசம்’, 2006-இல் கடைசியாக இயக்கிய ‘பொய்’ இரண்டும் அவருடைய சிறந்த படங்களின் வரிசையில் வருவன அல்ல. 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் ஓய்ந்து உட்காராமல், ‘பௌர்ணமி’ என்ற நாடகத்தோடு மேடைக்குத் திரும்பினார் என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2014 டிசம்பர் 23 அன்று சென்னையில் மறைந்தார். அவர் நடித்திருந்த ‘உத்தம வில்லன்’ அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இனி உங்கள் குழுவுக்கு. முதலில் நாடகத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து நாகேஷைப் போல நடிக்க உங்கள் மாதுவை விட்டுவிடாதீர்கள். ஒத்திகை முடியும்வரை படத்தைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வசனத்தில் எதையாவது குறைக்க வேண்டியிருந்தால் இரண்டாம் பாதியில் குறைத்துக்கொள்ளலாம். கையில் உள்ள பணத்தை விளக்குக்கும் உடைக்கும் பிரித்துச் செலவழிக்காமல், உறுதியான ஒரு மாடிப்படியைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். ஆட்கள் ஓடி ஏறினால் ஆடாத படியாக இருக்க வேண்டும். அடியில் ஒருவர் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அது பார்வையாளருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக இருந்தால், கீழே இருப்பவன் முகமும் மேலே போகிறவர்கள் காலும் ஒரே நேரத்தில் தெரியும்.

இருமல் தாத்தாவுக்கு ஒலிப்பதிவு வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். வயதான ஒருவரை, அவர் நடிகராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படிக்கட்டுக்குப் பின்னால் பக்கத் திரையை ஒட்டி நிறுத்துங்கள். மேடையில் நடப்பது அவருக்கு முழுவதுமாகக் கேட்க வேண்டும். ஒத்திகையில் குறித்துக் கொடுத்த இடங்களைத் தவிர இன்னும் ஒரே ஓர் இடத்தில் அவர் விருப்பப்படி இருமிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுங்கள். எங்களுடைய இயக்குநர் எனக்கு அப்படித்தான் கொடுத்திருந்தார். மழை பெய்த இரவில் அது பயன்பட்டது.